முத்துலெட்சுமியின் கண்ணாடி

சாரல் காலத்தில் எழுபத்தெட்டுப் பிள்ளைகளின் ஈரச் சீருடை ஒரே அறையில் உடம்போடு காய்ந்தால் என்ன வாடை வரும் என்பது, போன மாதம் குற்றாலத்து விடுதியில் ஏசி அறைக்குள் ஆசிரியைகளான எங்களுக்குப் பயிற்சி கொடுத்த கனவானுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பின்லாந்தில் ஒரு வகுப்புக்கு இத்தனை பிள்ளைகள், ஜப்பானில் இத்தனை என்று திரையில் கலர் கலராகக் கட்டம் காட்டி, நம் கட்டமும் ஒன்றும் மோசமில்லை என்று அவரே கைதட்டிக்கொண்டார். நாங்களும் தட்டினோம். வடை வந்துகொண்டிருந்தது.

தென்காசிப் பக்கம் நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியில், வகுப்பில் இருந்தது எழுபத்தெட்டுப் பேர், பதிவேட்டில் தொண்ணூற்றொன்று. மிச்சப் பதின்மூன்றும் எங்கள் ஹெட்மாஸ்டர் பேனாவால் பெற்றுப்போட்டவை. "காத்துப் பிள்ளைகள்" என்போம். தலை கூடினால் இன்னொரு வாத்தியார் வேலை கிடைக்கும். கிடைத்தது, அதில் பள்ளித் தாளாளரின் மச்சினன் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதும் மரியாதைக்குத்தான், கையெழுத்துப் போட மட்டும் வருவார். எங்களை ஹெட்மாஸ்டர் ஒருவரே மேய்த்தார்.

கடைசி வரிசையில் என் பக்கத்தில் பேச்சியம்மாள். கணக்கில் என்னைவிடச் சூட்டிகை, ஆனால் கரும்பலகை அவள் கண்ணுக்குத் தெரியாது. நான் முணுமுணுக்க, அவள் எழுதுவாள். அத்தனை தலைக்கு அப்பால் இருந்தவளை ஹெட்மாஸ்டருக்கு "மக்கு" என்ற அளவில் தெரியும். "பலகையப் பாத்து எழுதினா ஆறாப்பு, இல்லன்னா பீடி சுத்தட்டும்" என்று அவள் அப்பாவிடமே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன் குற்றாலச் சீசனில்தான் வரும். ஏன் என்று கேட்க வேண்டுமா? முந்தின நாளே காத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆள் போட்டுவிட்டார் ஹெட்மாஸ்டர். "ஏட்டி பேச்சி, ஒம் பேருக்கும் நீ சொல்லணும், முத்துலெட்சுமி பேருக்கும் நீதான். கொரல மாத்திச் சொல்லு, என்ன?"

ஐந்தருவியில் குளித்த எண்ணெய்த் தலையோடு வந்த அதிகாரி, குனிந்தபடியே பெயர்களை வாசித்தவர், முத்துலெட்சுமியிடம் மட்டும் என்ன நினைத்தாரோ, நிமிர்ந்தார். "எந்திரி. பலகையில என்ன எழுதியிருக்கு?"

கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள் பேச்சி. "ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு சார்" என்று அழுதுவிட்டாள். அந்த மனுஷன் நல்லவர்தான், சும்மா சொல்லக்கூடாது. கண் டாக்டரை அனுப்பிவைத்தார். டாக்டர் முன்னாலும் பேச்சி முத்துலெட்சுமியாகவே நின்றாள். மூன்று மாதத்தில் இலவசக் கண்ணாடி வந்தது, முத்துலெட்சுமி பெயருக்கு. ஹெட்மாஸ்டர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நானும் பேச்சியும் போய் நின்றோம்.

"முத்துலெட்சுமி வந்து கையெழுத்துப் போடட்டும், குடுப்போம்."

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லையே சார்" என்றேன்.

"இல்லையா? பதிவேட்டப் பாருட்டி! ஒரு நாளு லீவு போட்டிருக்காளா அவ? நாளைக்கு எவனாவது கேட்டா நான்லா மாட்டுவேன்."

த்தூ! தான் பெறாத பிள்ளைக்கு அப்படியொரு நியாயம். அந்த வருடம் முத்துலெட்சுமி தேறினாள். பேச்சி தேறவில்லை, பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து வரும் வழியில் அந்தப் பள்ளியில் இறங்கினேன். ஈர வாடை இல்லை. பீரோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். ஊர்ப் பிள்ளைகள் வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போய்விட, வாசல் பலகையில் சாக்பீஸில் எழுதியிருந்தது: மொத்தம் பதினொன்று.

அங்கிருந்து பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனேன். பேச்சி சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள், சோடாபுட்டிக் கண்ணாடியோடு; முப்பது வயதுக்கு மேல் தானே வாங்கிப் போட்டது. "பேச்சி, நம்ம ஸ்கூல்ல இப்ப பதினோரு பிள்ளைதான். பின்லாந்தத் தோக்கடிச்சிட்டோம்ட்டி" என்றேன்.

அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினொண்ணுங்கியே, அது பெஞ்சிலயா, பதிவேட்டுலயா?"

கண் நன்றாகத் தெரிகிற நான், பலகையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.