மேல்குரல் பெஞ்சு வாய் திறக்காத நாள்

கெசியா த்ரால் எங்கள் ஊர்த் தொப்பிக்காரி. கனெக்டிகட் மலைப்பக்கத்தில் அவள் பின்னிய வைக்கோல் தொப்பி இல்லாத தலை குறைவு. ஞாயிறன்று சபை கூடும் ஆலயத்தின் மேல்மாடத்தில், பெண்கள் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்து மேல்குரல் பாடுவாள். மகள் டிலைட் தொண்டை அடைப்பானில் செத்த வாரம், பைபிளின் தொண்ணூறாம் சங்கீதத்துக்கு நாலு குரலில் ஒரு மெட்டுப் போட்டாள். அழுதுகொண்டேதான் போட்டாள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

பாட்டு வாத்தியார் எலியாக்கிம் ஸ்ட்ரவுட், பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லி அதை வாங்கிப் போனார். வசந்தத்தில் அவருடைய சங்கீதப் புத்தகம் அச்சாகி வந்தது. அந்த மெட்டின் தலையில் ‘எ. ஸ்ட்ரவுட்’ என்று போட்டிருந்தது.

கெசியா நேரே போய்க் கேட்டாள். “என் பேரப் போடுங்க வாத்தியாரே. வேற எதுவும் வேணாம். என் புள்ளைக்காகப் போட்டது அது.”

“தொப்பி தைக்கிறவ பேரப் பாத்தா எவம்மா புத்தகத்தத் தொடுவான்? ஊரே பாடுதுல்ல, அத நெனச்சு சந்தோஷப்படு.”

புதுப் போதகரை அமர்த்தும் நாளில் அக்கம்பக்கத்துப் போதகர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வாத்தியார் கூசாமல் அந்த மெட்டையே எடுத்தார். எங்கள் சபையில் ஆர்கனும் கிடையாது, பிடிலும் கிடையாது. குரல் நின்றால் பாட்டும் நின்றது. அந்த மெட்டில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழையும். அடிக்குரல் நுழைந்தது. டெனர் என்னும் ஆண் நடுக்குரல் நுழைந்தது. அடுத்தது நாங்கள். மேல்குரல் பெஞ்சில் இருந்த பதினோரு பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டோம்.

ஆண்கள் இரண்டு வரி தடுமாறிப் பாடிவிட்டு நின்றார்கள். வாத்தியாரின் கை மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“பாடுங்கடி, மானம் போகுது” என்று பல்லைக் கடித்தார்.

“யார் மானம்? மெட்டுப் போட்டவ பேரச் சொல்லுங்க, பாடுறோம்” என்றேன்.

கீழே போதகர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வாத்தியார் “கெசியா த்ரால்” என்று முணுமுணுத்தார்.

“கீழ கேக்கல” என்றாள் பின்னாலிருந்த லோயிஸ்.

உரக்கச் சொன்னார். பாடினோம்.

அடுத்த பதிப்பில் தன் பெயரை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ‘ஒரு பெண்மணி’ என்று போட்டிருந்தார்.

கெசியா புத்தகத்தை என் மடியில் வைத்தாள். “டிலைட் கல்லறைக் கல்லுல ‘ஒரு புள்ள’ன்னு வெட்டியிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா? மை எடுடி.”

மாலைக்குள் மேல்மாடத்தில் கிடந்த புத்தகம் அத்தனையிலும் அடித்து எழுதினோம்: கெசியா த்ரால், தொப்பிக்காரி. வாத்தியாரின் சொந்தப் பிரதியில் நானே எழுதினேன், தாள் கிழியும்படி அழுத்தி.