ஆயிரம் சிடிக்குப் பிரவுன் அட்டை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள். ஜெபல் அலியில் பாட்டு சிடிகளை இறக்குமதி செய்கிற ஒரு கோடவுனில் நான் வேன் டிரைவர். துபாய், ஷார்ஜா கடைகளுக்குச் சரக்குப் போடுவது என் வேலை. விசாவில் 'ஹெல்பர்' என்றுதான் இருந்தது. முதலாளி கீழக்கரைக்காரர். தமிழ், இந்தி, மலையாளம் எதுவானாலும் எந்தப் படப் பாட்டு எத்தனை போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இங்கிலீஷ் பாட்டு என்றால் மட்டும் முகம் சுளிப்பார். எது வந்தாலும் ஐம்பது, அதற்கு மேல் ஒன்றுகூட வாங்க மாட்டார்.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. கடை கடையாக ஏறி இறங்குகிறவன் நான். அந்த வருஷம் போகிற கடையிலெல்லாம் பையன்கள் ஒரே ஆளைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞன். துப்பாக்கி, ஜெயில், தெருச்சண்டை என்று தான் பட்டதையெல்லாம் தாளத்துக்குக் கடகடவென்று பேசுகிறவன். கேங்ஸ்டா ராப் என்பார்கள். அதுவரை அவன் பாட்டு திருட்டு சிடியில்தான் கிடைத்தது. இப்போது பெரிய கம்பெனி ஒன்று அவனை எடுத்து முதல் ஆல்பம் போடுகிறது. அரபிப் பையன், பாகிஸ்தானிப் பையன், இங்கேயே பிறந்த நம் பையன் எல்லோருக்கும் அதே பேச்சு. எனக்கு அவன் சொல்வதில் பாதி புரியாது. ஆனால் வேனில் போட்டால் என் காலே தாளம் போடும்.

"மொதலாளி, ஆயிரம் வாங்குங்க" என்றேன்.

"ஆயிரமா? ஒனக்கு வெயில் தலைக்கு ஏறிருச்சாப்பா?"

"நான் சொல்றேன்ல. போகலன்னா என்னைய ஊருக்கு அனுப்பிருங்க."

வாய்க்கொழுப்பு! வேறென்ன சொல்ல? அவரும் விடவில்லை. "சரி. போகலன்னா விசாவ கேன்சல் பண்ணி டிக்கெட் எடுத்துத் தந்துருவேன். அப்புறம் அழக் கூடாது" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிற மனுஷர் இல்லை. ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் போய் நின்றால் அந்தப் பேச்சே நின்றுபோகும். இருந்தும் தலையை ஆட்டினேன்.

சரக்கு சனிக்கிழமை வந்தது. உலகம் முழுக்க புதன்கிழமை வெளியீடு. பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். அட்டைப்படத்தில் அந்த ஆள் சட்டையில்லாமல், பச்சை குத்திய உடம்போடு, கேமராவைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கெட்ட வார்த்தைகளை வெட்டிய பதிப்புதான் வந்திருந்தது. அதனால் பாட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. படத்தைப் பார்த்த தணிக்கை அதிகாரிதான் மாதிரி சிடியைத் திருப்பித் தந்தார். "கடையில் இந்தப் படம் கண்ணில் படக் கூடாது. செவ்வாய் காலை கோடவுனுக்கு வருவேன். மறைத்திருந்தால் முத்திரை, இல்லையென்றால் சரக்கு திரும்பிப் போகட்டும்" என்றார்.

முதலில் மார்க்கர் பேனாவால் துப்பாக்கி மேல் கறுப்படித்தோம். மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றியிருந்ததால், கட்டைவிரலால் தேய்த்தால் துப்பாக்கி மறுபடி எட்டிப் பார்த்தது. ஸ்டிக்கர் அடிக்கும் அச்சகத்தில் பத்து நாள் என்றார்கள். பத்து நாளில் திருட்டு சிடி ஊரையே நிறைத்துவிடும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் மூலையில் பேக்கிங்குக்கு வைத்திருந்த பிரவுன் பேப்பர் உருளை கண்ணில் பட்டது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் நாம் என்ன செய்வோம்? நோட்டுக்கெல்லாம் அட்டை போட மாட்டோமா? கோடவுனில் நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் தமிழ்நாடு. "அண்ணே, கத்தரிய எடுங்க" என்று கத்தினேன். எல்லாக் கைக்கும் அந்த வேலை மறக்காமல் இருந்தது. சுற்றி, ஓரத்தை மடித்து, நகத்தால் கீறி, உள்ளே செருகி ஒரு துண்டு டேப். எங்களில் ஒருவர் ஆம்பூர்க்காரர், அவர் மடிப்பில் அப்படி ஒரு நேர்த்தி! திங்கள் சாயங்காலத்துக்குள் ஆயிரமும் முடிந்தது.

ஆனால் உள்ளே என்ன என்று தெரிய வேண்டாமா? எங்கள் ஸ்டோர் கீப்பர் கும்பகோணத்துக்காரர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நோட்டில் ஒட்டுவது போல ஒவ்வொன்றிலும் வெள்ளை லேபிள் ஒட்டி, பாடகர் பெயரையும் ஆல்பம் பெயரையும் இங்கிலீஷில் எழுதினார். செவ்வாய் காலை முதலாளி வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று.

"யோவ், என்னய்யா இது மேல?"

ஒவ்வொரு லேபிளின் உச்சியிலும் 'உ'. ஆயிரம் பிள்ளையார் சுழி!

"கை தன்னால போட்டுருச்சு மொதலாளி" என்றார் ஸ்டோர் கீப்பர். மூஞ்சியில் ஈயாடவில்லை. "அது போடாம எழுத வராது எனக்கு."

"நான் அஞ்சு வேளை தொழுவுறவன். என் கோடவுன்ல, அதுவும் துப்பாக்கிக்காரன் மண்டையில, ஆயிரம் பிள்ளையார் சுழி!" என்று தலையில் கைவைத்தவர், அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாற்றி எழுத நேரமில்லை. வாசலில் அதிகாரியின் கார் வந்துவிட்டது.

அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை நேராக 'உ' மேல் வைத்தார். "வாட் இஸ் திஸ்?"

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்: "தமிழ் ஸ்டார்ட், சார். ஆல் ரைட்டிங், ஃபர்ஸ்ட் திஸ் ஸ்டார்ட்."

"ஸ்டார்ட்?" அவர் மீசைக்குள் சிரித்தார். "கலாஸ். ஸ்டார்ட்." அரபியில் கலாஸ் என்றால் முடிந்தது. முத்திரை விழுந்தது.

புதன் காலை வேனை எடுத்தவன் வியாழன் மதியம்வரை நிறுத்தவில்லை. கடைகளில் போட்டது போட்டபடி பறந்தது. துபாய் தேராவில் ஒரு கடையில் பையன்கள் அட்டையைப் பிரிக்கக்கூட மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த 'உ' பாடகனுடைய கும்பலின் ரகசியக் குறி என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். ஒருத்தன் தொப்பியிலேயே மார்க்கரால் 'உ' போட்டிருந்தான்! நான் சொல்வேனா? வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, வேனுக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தேன். அப்புறம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இனி என்னை யாரும் ஊருக்கு அனுப்ப முடியாது.

வெள்ளிக்கிழமை கோடவுனில் ஒரு சிடி மிச்சமில்லை. பிரவுன் அட்டை போட்டதுதான் வேண்டும் என்று சவுதியில் அல் கோபாரிலிருந்துகூட ஒரு கடைக்காரர் போன் செய்தார்.

சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார். மேஜையில் அமெரிக்காவிலிருந்து வந்த அடுத்த மாதப் பட்டியல் இருந்தது. முப்பது நாற்பது ஆல்பம், எல்லாம் இங்கிலீஷ். எப்போதும் அவர் ஒருவர்தான் அதில் எண் எழுதுவார், வேறு யாரையும் தொட விட்டதில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"உக்காருப்பா" என்றார். அந்த நாற்காலியில் அதற்கு முன் நான் உட்கார்ந்ததில்லை. பட்டியலை என் பக்கம் திருப்பி, தன் பேனாவை அதன் மேல் வைத்தார்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்து, எதிரே எண்ணை எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்றுக்கு இருபது, ஒன்றுக்கு ஐந்நூறு, சிலதுக்குக் கோடு. அரைமணி நேரமாயிற்று. அவர் காத்திருந்தார். முடித்துக் கொடுத்ததும் படித்துப் பார்க்காமலே கீழே கையெழுத்துப் போட்டார்.