ஃபைனலில் உட்கார்ந்த கேப்டன்

தேசப்பன் போய்விட்டான். காலையில் வலையை உதறிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம்... ஹார்ட் அட்டாக்.

எங்கள் காலேஜ் கபடி டீம் கேப்டன். என்னைப் போலவே பழவேற்காட்டுக்காரன். அந்த டீமில் நானும் இருந்தேன் என்றால் என் மனைவியே சிரிக்கிறாள்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடத்தில் இன்று ஒருவர் வலை, நாளை இன்னொருவர் வலை. கெட்டிக்காரன், சோம்பேறி எல்லோருக்கும் முறை வரும்.

இதை அப்படியே கபடிக்குக் கொண்டுவந்தான் அந்த மகராசன் தேசப்பன். டீமில் ஒன்பது பேர். மேட்சுக்கு இரண்டு பேர் முறைவைத்து உட்கார வேண்டும். கேப்டனும்தான்.

இன்டர் காலேஜ் ஃபைனல். எதிரே மெட்ராஸ் காலேஜ். எல்லாம் சம்பளத்துக்குப் பிடித்துவந்த ஆட்கள். ஒருத்தருடைய பையன் எல்கேஜி போய்க்கொண்டிருந்தான், அவர் இன்னும் செகண்ட் இயர்.

தேசப்பனையும் வளைத்துப்போட அவர்கள் மேனேஜர் காரில் வந்திருந்தார். சீட், ஹாஸ்டல், ஷூ, மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம். "இன்னைக்கு ஆட்டத்தப் பாத்துட்டு முடிச்சிடலாம்" என்றார்.

அன்றைக்குப் பார்த்து தேசப்பன் உட்காரும் முறை!

"மச்சான், உன்னப் பாக்கத்தான் வந்துகீறாரு. நீ எறங்கு, நான் குந்திக்கிறேன்" என்று கெஞ்சினேன்.

"நேத்து யார்ரா குந்தினது?"

"நான்தான்."

"அப்ப இன்னிக்கு உன் பாடு. அத நான் எடுத்துக்கினா ஊருக்குள்ள தலகாட்ட முடியுமா? எறங்குடா, பேஜார் பண்ணாத."

இறங்கினேன். முதல் ரெய்டிலேயே நான்கு பேர் என் மேல். ஐந்தாவது ஆள் இடமில்லாமல் திரும்பிப் போனார்.

தோற்றோம்... செமத்தியாக.

மேனேஜர் காரில் ஏறும்போது சொன்னார்: "நீ புரொபஷனல் இல்லப்பா."

"இல்ல சார், பி.ஏ. ஹிஸ்டரி" என்றான் தேசப்பன்.

கார் போய்விட்டது. அப்புறம் எந்தக் காரும் வரவில்லை. டிகிரி முடித்துவிட்டு ஏரிக்கே போனான்.

டிவியில் கபடி லீக் வந்த புதிதில், டீக்கடையில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: "அன்னிக்கு நீ ஆடியிருந்தா இன்னிக்கு எங்க இருந்திருப்ப?"

"தெரியல மச்சான்... ஆசையாத்தான் இருந்திச்சு" என்றான். அவ்வளவுதான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

வீட்டில் நான் "ஃபைனல் ஆடினவன்டா உங்கப்பன்" என்று பீற்றிக்கொள்வது வழக்கம். ஒருமுறை தேசப்பன் நண்டு கொண்டுவந்தபோது என் மகன் கேட்டேவிட்டான்: "அங்கிள், அப்பா நெஜமாவே நல்லா ஆடுவாரா?"

நான் நண்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தேன்.

"உங்கப்பனா? அவன் எறங்கினாலே எதிர் டீம்ல நாலு பேரு ஓடியாருவான்!" என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். பழவேற்காடு போகும் என் பஸ் இப்போதுதான் திருப்பாலைவனம் தாண்டுகிறது...

வந்துட்டேன்டா தேசா. பாத்துப் போ.