முப்பத்தொன்றும் ஒன்றும்

மருந்துக்கடையில் அவள் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் சீட்டை ஒருமுறை படிப்பாள். மாத்திரை அட்டையை எடுத்து வைப்பாள். திரும்பவும் சீட்டைப் படிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். மாத்திரை மாறிப்போய் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அவள் அடிவயிற்றில் குடியிருந்தது.

மாமியாருக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்த வருடம் வேலையை விட்டாள். வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த நேரத்தில் எந்தக் கட்டிடத்தில் எத்தனையாவது மாடியில் தொங்கிக்கொண்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. மாமியாருக்கு ஒன்பது மாத்திரை. எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று குழம்பாமலிருக்க, பழைய கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை போட்டு, அச்செடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பெரிய எழுத்து, பெரிய கட்டம், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். பார்க்க வந்த நாத்தனார், "அண்ணி, எனக்கும் ஒண்ணு அனுப்புங்களேன்" என்றாள். அவளுடைய அலுவலகத்தில் நாலு பேர் கேட்டார்கள். கடைசியில் நாத்தனாரே ஒரு விற்பனைத் தளத்தில் பக்கம் திறந்துகொடுத்து, "இனிமே ஓசியில குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். சர்க்கரை அளவு குறிக்கும் தாள், ரத்த அழுத்தம் குறிக்கும் தாள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியல், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு எழுதி வைக்கும் குறிப்பு. எல்லாமே ஒரு பக்கம், இரண்டு பக்கம். வாங்குகிறவர் பணம் கட்டியதும் கோப்பு அவருக்குப் போய்விடும். அவர் வீட்டிலேயே அச்செடுத்துக்கொள்வார். கட்டுவதற்குப் பொட்டலம் இல்லை, அடுக்குவதற்கு அலமாரி இல்லை. முதலாளியும் அவள்தான், கூட்டிப் பெருக்குகிறவளும் அவள்தான். இரண்டு வருடத்தில் மருந்துக்கடைச் சம்பளத்தை அது தாண்டிவிட்டது. வீட்டு வாடகையும் மாமியாரின் மருந்தும் அதிலேயே நடந்தன. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே, ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் மட்டும் நுழையும் இடம்தான் அவள் கம்பெனி.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடும் மாத்திரைக்குத் தனியாக ஒரு தாள் வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். போட்டாள். பன்னிரண்டு மாதமும் ஒரே பக்கத்தில். ஒற்றைப்படைத் தேதிகள் எல்லாம் நிறம் போட்டிருக்கும். நிறம் போட்ட நாளில் மாத்திரை, மற்ற நாளில் இல்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா, கட்டம் கோணியிருக்கிறதா, கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் நிறம் தெரிகிறதா என்று தன் பெயருக்கு ஏற்றபடி இரண்டு தரம் பார்த்துத்தான் விற்பனைக்கு வைத்தாள். மாமியாருக்கும் அப்படி ஒரு மாத்திரை இருந்ததால் ஒன்றை ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டினாள். அவள் வெளியிட்டது முப்பது நாள் மாதத்தில். ஏழு வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கினார்கள். அவள் போட்டதிலேயே வேகமாக விற்றது அதுதான்.

அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி காலை. மாமியார் தண்ணீர் டம்ளரோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரா?"

"இல்லையே அத்தை. ஏன் கேக்கறீங்க?"

"இன்னிக்கும் கலர் போட்டிருக்கே, நாளைக்கும் போட்டிருக்கே. ஒருநாள் விட்டு ஒருநாள்னு தானே சொன்னாரு?"

அவள் வந்து பார்த்தாள். முப்பத்தொன்று ஒற்றைப்படை. ஒன்றும் ஒற்றைப்படை. இரண்டும் அடுத்தடுத்த நாள்.

காது அடைத்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் விழுவது எங்கோ தூரத்தில் விழுவதுபோலக் கேட்டது. ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுச் சுவரில் இதே தாள் தொங்குகிறது. இன்று எல்லாரும் சரியாகத்தான் சாப்பிடுவார்கள். நாளைக் காலையில் தாளைப் பார்த்து, அவளை நம்பி, இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள்.

"என்னம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"நாளைக்கு நீங்க அந்த மாத்திரை போடக்கூடாது அத்தை. நாளைக்கு இல்லை. புரிஞ்சுதா?"

"எனக்குப் புரிஞ்சுதான் உன்னைக் கேட்டேன்" என்றார் மாமியார்.

முதலில் பழைய மருந்துக்கடை முதலாளிக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"என்ன மாத்திரைக்கு வாங்கியிருக்காங்க?"

"தெரியாதுங்க. தாள் மட்டும்தான் நான் விக்கிறேன்."

"அப்போ என்ன சொல்றது? நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு ஆகும். யாருக்குன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் சொல்லிடு."

மேஜையில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தளத்தில் வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பலாம். யார் திறந்து படித்தார்கள் என்பதும் தெரியும். 'மேம்படுத்தப்பட்ட புதிய வடிவம் தயார்' என்று அடித்தாள். அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படித் தலைப்பு வைத்தால் பெயர் கெடாது. ஆனால் இதை யார் திறப்பார்கள்? தினமும் இதுபோல இருபது வருகிறது, அவளே திறப்பதில்லை.

கணவனைக் கூப்பிட்டாள். பின்னணியில் சுத்தியல் சத்தம்.

"என்னங்க, தப்புன்னு எழுதினா இதோட எல்லாம் போச்சு. எவனும் இனிமே வாங்க மாட்டான்."

"கேஸ் கீஸ் போடுவாங்களா?"

"தெரியலை. போட்டாலும் போடுவாங்க."

அவனும் பயந்துதான் போனான். பிறகு சொன்னான்: "கயிறு நைஞ்சிருக்குன்னு தெரிஞ்சப்புறம் லிஃப்டை ஓட விட முடியுமா? வாசல்ல போர்டைத் தொங்கவிட்டுத்தான் ஆகணும். திட்டிக்கிட்டே படியேறிப் போவாங்க. போகட்டும். எழுதிடு."

அவள் அடித்ததை அழித்துவிட்டு எழுதினாள். 'அவசரம். நான் விற்ற தாளில் தப்பு இருக்கிறது. நாளை ஒன்றாம் தேதி அந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். இன்று சாப்பிட்டிருந்தால் அடுத்தது நாளை மறுநாள்தான். தப்பு என்னுடையது. சரியான தாள் இத்துடன் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இது என் போன் நம்பர்.' இந்த முறை மூன்று தரம் படித்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து மணிக்குள் நூற்று நாற்பது பேர் படித்திருந்தார்கள். பதில்கள் வந்து விழுந்தன. சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், 'மருந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க உனக்கு என்ன யோக்கியதை?' என்று கேட்டிருந்தார். அதற்கும் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டாள். படிக்காதவர்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினாள். படித்தவர்களின் எண்ணிக்கை சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. பதினொன்றரை மணிக்குப் படிக்காதவர்களின் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு பெயரில் கண் நின்றது. அது ஒரு முதியோர் இல்லம்.

அந்த இல்லம் முன்பு எழுதியிருந்த பாராட்டு அவளுக்கு மனப்பாடம். 'ஒன்று வாங்கி எங்கள் பதினேழு பேருக்கு அச்செடுத்து மாட்டிவிட்டோம். மிக உதவியாக இருக்கிறது.' கட்டில்களுக்கு மேலே வரிசையாகத் தாள்கள் தொங்கும் படமும் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அன்றைக்கு அவள் மாமியாரிடம் காட்டிக் குதித்திருந்தாள். இப்போது அதே படத்தில் தொங்கும் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

இல்லத்தின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது முறை கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. முகவரி பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தது.

சரியான தாளில் இருபது பிரதி எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாமியாரை ஒப்படைத்தாள். "நான் என்ன சின்னக் குழந்தையா? நீ கிளம்பு" என்று மாமியார் அதட்டினார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. போனில் படித்தவர்களின் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு போனாள். இல்லத்துக்கு இன்னும் ஆறு முறை கூப்பிட்டாள். ஏதோ ஆகிவிட்டது, அதனால்தான் எடுக்கவில்லை என்று மனம் கதை கட்டியது. நாளைதானே தப்பு நடக்க வேண்டும், இன்று ஒன்றும் ஆகியிருக்காது என்று அவளே அதற்குப் பதில் சொன்னாள். மனம் கேட்கவில்லை.

நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் இருந்த காவலாளி, போன் இணைப்பு நாலு நாளாகச் செத்துக் கிடக்கிறது என்றார். தலைமை நர்ஸ் இடுப்பில் சாவிக்கொத்தோடு வந்தார். அவள் நின்றுகொண்டே மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நர்ஸ் சுவரிலிருந்து ஒரு தாளை உருவி, விரலை வைத்துத் தேதிகளைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ட்யூட்டிக்கு வர்றது புதுப் பொண்ணு" என்றார். "தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் குடுப்பா. அப்படித்தான் நானே சொல்லிக் குடுத்திருக்கேன்."

இருவரும் கட்டில் கட்டிலாகப் போய்ப் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். நாலாவது கட்டிலில் ஒரு பெரியவர் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, என் தாளை எடுக்கறே?"

"ஒண்ணாந்தேதி மாத்திரைக்கு லீவுங்க ஐயா" என்றாள்.

"அதுக்காவது லீவு கிடைக்குதே."

ஒன்பதாவது கட்டிலருகே நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். அங்கே படுத்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இவருக்குப் போன வருஷம் ஒரு தடவை அடுத்தடுத்து ரெண்டு நாள் குடுத்துட்டாங்க. நாடி இறங்கிப் போச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவள் கையிலிருந்த தாள்களைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் எட்டுக் கட்டில் இருக்கு, எந்திரிங்க" என்றார்.

மறுநாள் காலையில் படிக்காதவர்கள் பத்தொன்பது பேர். அவர்களைத் தேடிப் பிடிக்க வழியில்லை. அன்று முழுக்கப் போன் அடித்தபோதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தளத்துக்காரர்கள் விசாரணை என்று சொல்லி அவள் பக்கத்தை ஆறு நாள் மூடி வைத்தார்கள். வாங்கியவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். அவளுடைய அண்ணன் இரண்டு நாளும் மாத்திரை போட்டிருக்கிறார். குளியலறையில் தலைசுற்றி விழுந்து, நெற்றியில் மூன்று தையல்.

"உங்க மெயிலை இப்பத்தான் பாத்தேன். உங்களை என்ன பண்ணலாம் சொல்லுங்க."

"என்ன வேணும்னாலும் பண்ணுங்க. நான் மறுக்க மாட்டேன். இப்ப எப்படி இருக்கார்?"

அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். மறுநாள் இவளே கூப்பிட்டு விசாரித்தாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். ஏழாவது நாள் அண்ணனே போனை எடுத்தார்.

"அம்மா, தையல் பிரிச்சாச்சு, நான் நல்லா இருக்கேன். இப்ப எனக்குத் தலைவலின்னா அது நீங்க தினமும் கூப்பிடறதுதான்."

வழக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பத்தொன்பது பேரில் மற்றவர்களும் வாரக்கணக்கில் ஒவ்வொருவராகச் செய்தியைத் திறந்தார்கள். இரண்டு பேர் மட்டும் கடைசிவரை திறக்கவே இல்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. அந்த இரண்டு பெயரையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, மறக்கவும் இல்லை.

தொழில் பாதிக்கு மேல் படுத்துவிட்டது. எழுந்து நிற்க எட்டு மாதம் ஆனது. அதன்பின் எந்தத் தாளும் மருந்துக்கடை முதலாளி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் விற்பனைக்குப் போனதில்லை. அதற்கு அவருக்குக் கூலி உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் தாளில் இப்போது நிறமே கிடையாது. தேதிகளை வாங்குகிறவரே டாக்டரைக் கேட்டுக் கையால் எழுத வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குகிறார்கள். வாடகையும் மருந்தும் மறுபடி அதிலேயே நடக்கின்றன. ஒரு புதுத் தாளை வெளியிடும் நாளில் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் ஓர் அம்மா வாங்குவதற்கு முன் போன் செய்து கேட்டார்: "இதுல தப்பே இருக்காதுல்ல?"

"இருக்கலாங்க" என்றாள். "ரெண்டு பேர் பாத்திருக்கோம். நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. தப்புன்னு தோணினா உடனே என்னைக் கூப்பிடுங்க."

அந்த அம்மா வாங்கவில்லை.