கர்த்தருக்கு மட்டும் சொன்னது

யாழ்ப்பாணத்திலிருந்து ஊழியத்துக்கென்று ஒரு சிறு குழுவாகத் தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். தலைவர் எங்கள் சபைப் போதகர். அவருடைய ஜெபத்துக்கு மைக் தேவையில்லை. ஊரில் அவர் "பிதாவே" என்று தொடங்கினால் நாலு வளவு தாண்டி நாய் எழும்பும். வேலியும் மரமுமாக வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கிற ஊரில் அது ஒரு குறையாகவே பட்டதில்லை.

தோட்டத்தில் எல்லாம் வேறு. அவர்களும் தமிழர், நாங்களும் தமிழர், இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்துப் போன எங்கள் மடமையை என்னவென்று சொல்ல! ஊரில் டீச்சரான நான் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றாலே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரவில் கோவில் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் குளிரில் விறைத்துக் கிடப்போம். பின்னேரம் அட்டை கடித்த காலோடு மலையேறிப் போனால், அப்போதுதான் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள், தங்களுக்கில்லாத சீனியை எங்கள் தேத்தண்ணீரில் போட்டுத் தருவார்கள். அதைக் குடித்துவிட்டு நாங்கள் அவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அவர்கள் இருப்பது லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. முதல் நாள் போன வீட்டில் ஒரு சின்னப் பெண்குழந்தை தும்மியது. சுவருக்கு அப்பாலிருந்து "ஆயுசு நூறு!" என்றது ஒரு குரல். மறுபடி தும்மியது. "இருநூறு!"

"எங்க மாமியாங்க" என்றாள் குழந்தையின் தாய். எல்லோரும் சிரித்தோம். போதகர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அந்தத் தாய்க்கு இருபத்தைந்து வயதிருக்கும். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறவன். அவன் முறித்த முழங்கை சரியாகப் பொருந்தாமல் வளைந்தே நின்றது. ஒருநாள் ரோட்டோரம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் போதகரையும் என்னையும் மறித்தாள்.

"வீட்ல வச்சுப் பேச முடியாதுங்கய்யா. வெள்ளிக்கிழம நீங்க வேன்ல கண்டிக்குப் போறப்ப என்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருங்க. அங்க எங்க அக்கா வந்து நிப்பாங்க. இவருக்குத் தெரிஞ்சா புள்ளையப் புடுங்கிருவாரு. யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. ஒருத்தருக்கும் சொல்லமாட்டம். கர்த்தருக்கு மட்டும்தான் சொல்லுவம்" என்றார் போதகர். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷன்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மாலைக் கூட்டத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் வைப்பது எங்கள் வழக்கம். வியாழக்கிழமை அவள் வீட்டு முறை. புருஷன் இல்லை. பாட்டு முடிந்ததும் போதகர் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார். நாட்டுக்காக ஜெபித்தார், தோட்டத்துக்காக ஜெபித்தார். பிறகு குரல் தழுதழுத்தது.

"ஆண்டவரே, நாளைக்கு விடிய இந்த மகள் தன்ர குழந்தையோட எங்கட வேனில ஏறேக்க, புருஷன்ர கண்ணை மறைச்சுப்போடும் அப்பா! கண்டியில காத்திருக்கிற தமக்கையிட்டப் பத்திரமாச் சேர்த்துவிடும் அப்பா!"

பாவி மனுஷன்! நான் செருமினேன். இன்னும் பலமாகச் செருமினேன். நான் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சத்தம் மேலே ஏறியது. அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் "ஆமென்" என்றார். பழக்கதோஷத்தில் எங்கள் ஆட்களும் "ஆமென்" என்றார்கள். அவள் மட்டும் சுவருக்கு மேலிருந்த திறப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை தும்மியது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் காத்திருந்தோம். கதவு ஒன்று திறந்தது, பிறகு யாரோ செருப்போடு படியிறங்கி விறுவிறுவென்று போவது கேட்டது.

"இப்பவே கூட்டிக்கொண்டு போவம், எழும்புங்கோ!" என்றேன். வேன் காலையில்தான் வரும், மழை, இருட்டு, பிள்ளையோடு எப்படி என்றார்கள். போதகர் வெளிறிப்போயிருந்தார். "கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்றார். அவளும் "நீங்க போங்க டீச்சர், காலையில வாறேன்" என்றாள்.

வந்தாள். உதடு வீங்கியிருந்தது. தலையில் கொழுந்துப் பை. கையில் பிள்ளை இல்லை.

"ராத்திரியே புள்ளைய நாத்தனா வீட்டுக்குக் கொண்டுபோய்ட்டாங்க."

"நீ ஏறு தங்கச்சி, பொலிசுக்குப் போவம்" என்றேன்.

"புள்ள அவங்க கையில கெடக்க, நான் எங்கங்க வர்றது?"

போதகர் வேனிலிருந்து இறங்கினார். தேம்பித் தேம்பி அழுதார். "பிள்ளைக்காக ஒரு சின்ன ஜெபம், தங்கச்சி" என்று கையை உயர்த்தினார். அவள் தன் வளைந்த கையாலேயே அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"வேணாங்கய்யா. ஒங்க சாமிக்குக் கேட்டுச்சோ என்னமோ, எங்க மாமியாளுக்கு நல்லாக் கேட்டுருச்சு."