நீல மூடி தீர்ந்த வாரம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலியின் மூளையைச் சீவுகிற வேலை அவளுடையது. ஒரு மில்லிமீட்டர் மூளையில் இருபத்தைந்து சீவல் எடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து மைக்ரான் கணக்கிலேயே பேசுகிறவளுக்கு மைக்ரான் என்றே பெயர் வைத்துவிட்டோம். வீட்டில் தக்காளி நறுக்கினால் அவள் கணவர் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது வழியா பேப்பர் படிக்கலாம்" என்பாராம். எதிர் அறையில் இருக்கும் சாமான் கிடங்கு என் பொறுப்பு. அவள் கேட்டதை நான் உடனே கொடுத்ததில்லை, கொடுத்ததை அவள் குறை சொல்லாமல் வாங்கியதுமில்லை.

பேராசிரியரின் ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. மூளைச் செல்லுக்குள் பாய்கிற கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற புரதம். மைக்ரான் சீவலைக் கழுவிச் சாயத்தில் ஊறவைத்தால், அந்தப் புரதம் உள்ள செல்கள் பச்சையாக ஒளிரும். இளம் எலிகளை முதலில் முடித்தாள், எல்லாம் பச்சை. அடுத்த மாதம் கிழட்டு எலிகளைப் பார்த்தால், நினைவு தங்குகிற பகுதியில் பொட்டுப் பச்சை இல்லை. வயதானால் இந்தப் புரதம் காணாமல் போகிறது என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். எழுதியவர்கள் பட்டியலில் நாலாவதாக அவள் பெயரையும் சேர்த்தார்.

அன்று என் சன்னலுக்கு வந்தவள் எந்தச் சாமானும் கேட்கவில்லை.

"அண்ணா, என் பேரும் அச்சுல வருது. முதல் பக்கத்த மாட்டுறதுக்கு மக ஃபிரேம்கூட வாங்கிட்டா."

கட்டுரை வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை, கிழட்டு எலியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட நல்ல படம் ஒன்று வேண்டுமென்று இளம் எலியின் சீவல் ஒன்றுக்குப் புதிதாகச் சாயம் போட்டாள். அதிலும் பச்சை இல்லை.

"குட்டிக்குமா வயசாயிடுச்சு?" என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கழுவுகிற பாட்டிலை எடுத்துப் பார்த்தாள்.

அவள் இரண்டு திரவம் கலக்குவாள். கழுவுகிற திரவத்துக்கு வெள்ளை மூடி. கால்சியத்தை உறிஞ்சுகிற திரவம் வேறொரு சோதனைக்கு. அதற்கு நீல மூடி. பாட்டில்மேல் என்ன எழுதினாலும் ஸ்பிரிட் பட்ட கையுறை அழித்துவிடும், அதனால் எல்லோரும் மூடியைத்தான் நம்புவார்கள். கால்சியத்தைப் பறிகொடுத்த புரதம் இருந்த இடத்திலேயே இருக்கும். உருவம்தான் மாறிவிடும். எங்கள் சாயத்துக்கு அப்புறம் அதை அடையாளம் தெரியாது.

இளம் எலிகளை முடித்த கையோடு நீல மூடி தீர்ந்த வாரம், உறிஞ்சுகிற திரவத்துக்கு மூடி வேண்டுமென்று அவள் என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "வெள்ளையையே போட்டுக்கோ. எல்லாம் மூடிதானே?"

பேராசிரியர் அறையில் நான் அட்டைப்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வந்தாள்.

"சார், கட்டுரைய நிறுத்துங்க. வயசான எலியெல்லாத்தையும் தப்பான திரவத்துல கழுவியிருக்கேன்."

"நிச்சயமா தெரியுமாம்மா?"

"மிச்சச் சீவல் இருக்கு. சரியா கழுவிப் பார்த்தா வியாழக்கிழமை தெரிஞ்சிடும்."

"மூடி எப்படி மாறிச்சு?"

"நான்தான் சார் மாத்திப் போட்டேன்."

என் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. நான் அடுத்த பெட்டியை இறக்கினேன்.

வியாழக்கிழமை கிழட்டு எலிகள் அத்தனையும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன. கட்டுரை போயே போச்சு. அவள் மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்து சீவ உட்கார்ந்தாள்.

நீல மூடிகள் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போனேன். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"சார்கிட்ட நான் சொல்லிடுறேன்மா. தப்பு என்னோடது."

"எலிய கழுவினது நீங்களாண்ணா?" என்றாள், மூடிகளை எண்ணிக்கொண்டே. "இதுல ரெண்டு விரிசல் விட்டிருக்கு, மாத்திக் கொடுங்க."

"ஃபிரேம்?"

"சும்மா கிடக்கு."

சீட்டை நீட்டினேன். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதித் தந்தாள். இப்படி இருபத்திரண்டு வருடச் சீட்டுகள் என் அலமாரியில் கிடக்கின்றன. ஒன்றில்கூட அந்த இடத்தை நான் படித்ததில்லை. அன்று நின்று படித்தேன். பிறகு சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினேன்.