வெல்லக்கட்டியும் பீடிக்கட்டும்

பாலாநகரில் ஒரு பட்டறையில் பித்தளைக் குழாய்களைச் சுழலும் சக்கரத்தில் பிடித்து மெருகு போடுகிறவர் பெருமாள். மாலையில் வேலை முடிந்து முகம் கழுவியதும் முதலாளியின் ஆள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெல்லக்கட்டி வைப்பான். வெல்லம் தின்றால் நுரையீரலில் படிந்த தூசி வயிற்றுக்கு இறங்கி வெளியேறிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். மூச்சுக்கு ஒரு குழாய், சோற்றுக்கு வேறொரு குழாய் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தூசியை உறிஞ்சும் மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டியிருக்கும். அது எரிந்துபோய் வருடக்கணக்காகிறது.

வெல்லம் கரைவதற்குள் பெருமாள் பீடியைப் பற்றவைத்துவிடுவார்.

இருமல் முற்றிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். பீடியை விடாவிட்டால் பிழைக்கமாட்டாய் என்றார் டாக்டர். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. இந்த ஜனங்களுக்கு உயிர்மேல் அக்கறையே கிடையாது என்று அவர் நர்ஸிடம் அலுத்துக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது.

வீட்டில் மனைவி லூர்துமேரி பிடித்துக்கொண்டாள்.

"யோவ், டாக்டர் சொன்னப்புறமும் ஊதுறியே, கொழுப்பா?"

"நாள் பூரா தூசி தின்றேன் மேரி. பீடிய வுட்டா மட்டும் இன்னா ஆவப்போவுது? எப்படியும் அந்தச் சக்கரம் என்னைத் தின்னுடும்."

கூரை முழுக்க ஒழுகுகிற வீட்டில் ஒரே ஒரு ஓட்டையை அடைக்க யார் ஏணி போடுவார்கள்? அவர் கணக்கு அப்படி.

"அப்போ அந்த மோட்டாரைக் கேளேன். எங்கிட்ட மட்டும் இவ்ளோ வாய் நீளுதே. அங்க மட்டும் ஏன் மூடிக்கிது?"

மறுநாள் வெல்லத்தட்டு வந்தபோது பெருமாள் கையை நீட்டவில்லை.

"நக்கோ, வேணாம். மோட்டார் ஓடட்டும் மொதல்ல."

பின்னால் நின்ற சீனு சிரித்தான். "இன்னாண்ணே, சக்கரை வியாதியா?"

"நேத்து நீ துப்பினியே, அது இன்னா கலருடா?"

சீனுவின் சிரிப்பு நின்றது. அவனும் வாங்கவில்லை, அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் வாங்கவில்லை. தட்டு அப்படியே முதலாளியின் அறைக்குத் திரும்பியது. அடுத்த நாளும் திரும்பியது. வெளியூருக்கு அனுப்பவேண்டிய சரக்கு குவிந்து கிடந்த சமயம் அது. இன்று வெல்லத்தை மறுப்பவர்கள் நாளை சக்கரத்தைத் தொட மறுப்பார்கள் என்பது முதலாளிக்கு விளங்கியது. அந்த வாரமே புது மோட்டார் வந்தது. இத்தனை வருடம் வராததற்கு, யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

மோட்டார் ஓடிய முதல் நாள் மாலை, பெருமாள் மூக்கைச் சிந்தித் துண்டைப் பார்த்தார். கறுப்பு இல்லை. பஸ் நிறுத்தத்தில் வழக்கம்போல் பீடியை உதட்டில் வைத்தார். தீக்குச்சியை உரசப்போன கை நின்றது. சக்கரம் தன்னைத் தின்றுவிடும் என்றே இருந்ததால், பீடி கொல்லுமா என்று இதுவரை அவர் யோசித்ததில்லை. யோசித்து ஆகப்போவதும் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அவரைக் கொல்ல மிச்சமிருப்பது அவர் உதட்டில் இருந்தது. பீடியை எடுத்துக் கட்டுக்குள் திரும்பச் செருகினார்.

வீட்டுக்கு வந்து, "மேரி, பயமாக்கீது" என்றார்.

"அதான் மோட்டார் ஓடுதே. இப்போ இன்னா பயம்?"

"அது ஓடுறதாலதான்" என்று பீடிக்கட்டை அவள் கையில் வைத்தார்.